பள்ளி செல்லாப் பிள்ளைகளின் விருந்து

எங்கள் தங்கை தில்லியில் தன் மக்கள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல், பாடத்திட்டம் ஏதுமின்றி, அவர்கள் விருப்பம் செல்லும் வழியில் வளர்த்து வருகிறாள். சான்றிதழைக் காட்டியே பிழைப்புத் தேடிக்கொண்ட எங்களுக்கு இதில் அச்சம் உண்டு. அது இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் மாதம் ஒரு ஞாயிறன்று, அம்மாவையும் அழைத்துக்கொண்டு, 1994-இல் தொடங்கப்பெற்ற தில்லி ஹாட்டிற்கு அனைவரும் செல்வோம். அங்கே பல மாநிலங்களின் உணவுக் கடைகள் உள்ளன. எங்களில் எவரும் உண்டறியாத ஒன்றை வாங்கிப் பகிர்ந்துண்ண வேண்டும் என்பது பிள்ளைகள் இட்ட சட்டம்.

பீகாரின் லிட்டி எளிதில் வென்றது. வறுத்த கடலை மாவைக் கோதுமை மாவுருண்டைக்குள் பொதிந்து, தணலில் சுட்டு, நெய்யில் தோய்த்துத் தந்தால் யார்தான் மறுப்பர்?

நாகாலாந்தின் அக்குனிதான் எங்களைச் சோதித்தது. சோயா மொச்சையை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பருகே சில நாள் புளிக்கவிடுவது சுமி நாகர் வழக்கம். அத்துவையல் வந்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நம் இட்லி மாவும் புளித்ததுதானே, பாட்டி?” என்றான் எட்டு வயதுப் பேரன். இரண்டையும் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேறு வேறு என்று அக்காள் அவனைத் திருத்தினாள். பி.ஏ. வரை படித்த எங்களுக்கு அது அன்றுதான் தெரியும்.

அம்மா விரல்நுனியால் தொட்டு நாவில் வைத்தார். “இதற்குச் சுடுசோறு வேண்டுமே!” என்றார்.

திரும்பும் வழியில், “நாளை இவர்களுக்கு யாரப்பா வேலை கொடுப்பார்கள்?” என்று எங்களிடம் மெல்லக் கேட்டார். அடுத்த மாதம் மணிப்பூரா, அசாமா என்று பிள்ளைகள் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.