தாராவி: பிரதமரின் வாக்கும் குமாஸ்தாவின் பேனாவும்

சயான் ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கமாக நடந்தால், பத்துப் பதினைந்து நிமிடங்களில் மகாராஷ்டிரம் முடிந்து திருநெல்வேலி தொடங்கிவிடுகிறது. 90 அடி சாலையில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், முறுக்கும் மிக்சரும் விற்கும் கடைகள், கயிற்றில் தொங்கும் தமிழ்ப் பத்திரிகைகள். தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த நெல்லை முஸ்லிம்கள் 1887இல் எழுப்பிய பெரிய மசூதியும், தமிழர்கள் 1913இல் கட்டிய பிள்ளையார் கோயிலும் இங்கேதான் இருக்கின்றன. சாலையை விட்டு உள்ளே நுழைந்தால் ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டிய சந்துகள்; மேல்மாடிக்குச் செங்குத்தாக ஏறும் இரும்பு ஏணிகள். 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கிய கணக்கெடுப்பு, இந்தச் சந்துகளுக்கும் வீடுகளுக்கும் எண் கொடுத்தபடி நகர்ந்தது.

அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று தேதிகள் நிற்கின்றன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின், 2011க்குள் வந்தவர் என்றால் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி 300 சதுர அடி. அதுவும் தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னால் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், ஏணி ஏறிப் போகும் மேல்மாடிக்காரர்களுக்கும் வெளியே எங்கோ வாடகை வீடு. தவணையில் பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். கீழே இருக்கும் அண்ணன் தாராவியில், மேலே இருக்கும் தம்பி நகரத்தின் இன்னொரு மூலையில். தீர்மானிப்பது ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலில் ஒரு வரி. வீட்டிலேயே இட்லி அவித்துச் சுமந்து விற்பவருக்கும், தரைத்தளத்தில் நாலு தையல் மெஷின் போட்டிருப்பவருக்கும் இது வெறும் விலாச மாற்றம் அல்ல, பிழைப்பு.

இத்தனைக்கும் தொடக்கத்தில் இருந்தது ஒரு பிரதமரின் வாக்கு. 1985 டிசம்பரில் காங்கிரஸ் கட்சியின் நூற்றாண்டு விழா பம்பாயில் நடந்தது. அதற்கு வந்த ராஜீவ் காந்தி, நகரத்தின் வீட்டுப் பிரச்சினைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. நாட்டிலேயே அதிக அதிகாரம் படைத்த மனிதரின் சொல், கையில் பணம், நாடாளுமன்றத்தில் அசைக்க முடியாத பெரும்பான்மை. இனி என்ன தடை என்று தோன்றியிருக்கும்.

தடை கீழே இருந்தது. வேலை ம்ஹாடா என்ற மாநில வீட்டு வசதி வாரியத்திடம் வந்தது. நிலமோ பெரும்பாலும் மாநகராட்சியுடையது. முதலில் எத்தனை குடும்பங்கள் என்று எண்ண வேண்டியிருந்தது. அரசு எண்ணியதும் மக்கள் அமைப்புகள் எண்ணியதும் பொருந்தவில்லை. யார் உள்ளே, யார் வெளியே, கட்டும் செலவில் குடியிருப்பவர் பங்கு எவ்வளவு என்று கேள்விகள் முளைத்தன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோப்பு. கடைசியில் சில மாடிக் கட்டடங்கள் எழுந்தன, சாலைகள் அகலமாயின. குடிசைக் கடல் அப்படியே இருந்தது. பிரதமர் மானியத் திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளான ‘பி.எம்.ஜி.பி.’ இன்று தாராவியில் ஒரு காலனியின் பெயர். ஒரு பிரதமரின் கனவு, தபால்காரர் தேடும் விலாசமாகச் சுருங்கிவிட்டது.

இது இந்தியாவின் தனிச்சொத்து அல்ல. 1952இல் பதவி முடியும் தறுவாயில் அமெரிக்க அதிபர் ட்ரூமன், அடுத்து வரப்போகும் ஐசனோவரை நினைத்துப் பரிதாபப்பட்டாராம்: ராணுவத்தில் ஆணையிட்டே பழகியவர், வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து அதைச் செய், இதைச் செய் என்பார், எதுவும் நடக்காது என்று. உலகின் மிகப் பெரிய நாற்காலி என்று சொல்லப்படுவதில் உட்கார்ந்தவருக்கே அதன் கைப்பிடி எட்டும் தூரம் தெரிந்திருந்தது.

ஆனால் எல்லா ஆணைகளும் இப்படி நத்தையாக ஊர்வதில்லை. செம்பூர் தாண்டி டிராம்பே பக்கம் போனால் சீட்டா கேம்ப். தமிழர்கள் நிறைந்த இந்தக் குடியிருப்பு 1976 மே மாதம், நெருக்கடி நிலையின் நடுவில் பிறந்தது. அதற்கு முன் இவர்கள் இருந்தது ஜனதா காலனி. மாநகராட்சியே கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. பக்கத்தில் இருந்த பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் மக்களைத் திரட்டினார். டெல்லி வரை போய்ப் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார். காலனி இடிக்கப்படாது என்ற உறுதி கிடைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகும் காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் பெயர்க்கப்பட்டார்கள். 2000இல் மகசேசே விருது பெற்று, 2018இல் மறைந்த அற்புதத்தின் பொதுவாழ்வு அந்தத் தோல்வியில்தான் கற்றது: தலைவரின் வாய்ச்சொல் போதாது, காகிதம் வேண்டும், அரசு எண்ணும் முன் மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாண்டு கழித்து இன்னொரு ஆணை. 1981 ஜூலையில் முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். கொட்டும் மழையில் பத்தே நாட்களில் இயந்திரம் ஓடிவிட்டது. சேலத்தில் பிழைக்க வழியின்றி 1961இல் வந்த கூலித் தொழிலாளி ஒருவர், மனைவி, மூன்று மகள்களோடு பஸ்ஸில் ஏற்றப்பட்டார். குடும்பத்தைச் சேலத்தில் விட்டுவிட்டு அவர் மறுபடியும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார். உச்ச நீதிமன்றம் வரை போனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனாலும் நடைபாதையைக் காலி செய்யலாம் என்றே முடித்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் மாற்று இடம் தர வேண்டும் என்றது. முரண்பாடு இங்கேதான். கொடுப்பதில் இழுத்தடித்து இடிப்பதில் முந்திக்கொண்ட அதே அரசு இயந்திரம், எப்போதோ கடமைக்கு எழுதிக் கொடுத்த ஓர் அட்டைதான் கேடயமாயிற்று.

காகிதத்தின் பலத்தை முதலில் அறிந்த தமிழர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 1896இல் பிளேக் வந்தபின், 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை போட்டு, மரம் வைத்து, கோடு கிழித்து உருவாக்கிய பகுதி மாட்டுங்கா. டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு ரயிலேறிய தமிழர்கள் இங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் ஓரம் பில்டர் காபி மணக்கச் செய்தார்கள். மாட்டுங்காத் தமிழர் கோப்பு எழுதினார். தாராவித் தமிழர் கோப்புக்காகக் காத்திருந்தார். இடையே நடந்து போகும் தூரம்தான்.

காத்திருப்பு நீண்டது. 2004இல் மாநில அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றது. உலகளாவிய டெண்டர் 2011இல் ரத்து. 2019இல் 7,200 கோடி ரூபாய் கேட்டு வென்ற துபாய் நிறுவனத்தின் டெண்டர் 2020இல் ரத்து. நடுவில் 45 ஏக்கர் ரயில்வே நிலம் சேர்ந்ததால் கணக்கு மாறிவிட்டது என்றது அரசு. அந்த நிலம் மத்திய அரசுடையது. மும்பையின் குடிசைக்கு டெல்லியின் ரயில்வே கையெழுத்தும் வேண்டும். 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம் வென்றது. கூட்டு நிறுவனத்தில் 80 சதவீதம் குழுமத்துக்கு, 20 சதவீதம் மாநில அரசுக்கு. முந்தைய நிறுவனத்தின் வழக்கை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனை ஆண்டுகளில் பிரதமர்களும் முதலமைச்சர்களும் பலர் வந்து போனார்கள். மாறாத ஒரே ஆள், வாசலில் வந்து நின்று “ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்பவர்.

பொங்கலன்று தாராவித் தெருக்களில் வரிசையாக அடுப்பு மூட்டுவார்கள். ஒரே சந்தில் இலவச வீட்டுக்காரரும், இரண்டரை லட்சக்காரரும், வாடகைக்காரரும் பக்கத்துப் பக்கத்துப் பானைகளில் பால் பொங்குவதைப் பார்த்து நிற்பார்கள். உள்ளே, தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில், மழை நனைக்காதபடி பாலிதீன் பையில் சுற்றிய பழைய ரேஷன் கார்டு இருக்கும். பல வீடுகளில் நகையைவிடப் பத்திரமாக இருப்பது அதுதான்.