கடல் கடக்கும் கல்வியும் கையிலில்லாத முன்பணமும்

என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. வரலாற்றில் முதுகலை பயில இடமளித்தோம், வருக என்று இங்கிலாந்தின் பல்கலைக் கழகமொன்று 2023 ஆம் ஆண்டில் எனக்கு எழுதிய கடிதம். வருக என்றது பல்கலைக் கழகம், போகத்தான் முடியவில்லை. இன்று ஊர்ப் பள்ளியொன்றில், கொலம்பசு கடல் கடந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தகுதி இல்லையா? இருந்தது. உதவித்தொகை கிடைக்கவில்லையா? கிடைத்தது, தோழர்களே, காலங்கடந்து கிடைத்தது.

"ஏழை மாணவருக்குத்தான் உதவித்தொகைகள் உண்டே, விண்ணப்பிக்க வேண்டியதுதானே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகை கைக்கு வருமுன், கையைவிட்டுப் போகும் தொகை எவ்வளவு? ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டணம், கடவுச்சீட்டுக்குக் கட்டணம், சில பல்கலைக் கழகங்களில் விண்ணப்பத்துக்கே கட்டணம். இடம் கிடைத்தபின், அதைக் காத்துக்கொள்ள முன்பணம். என்னிடம் கேட்டது ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய். உதவித்தொகை முடிவோ வரவில்லை. கெடுவோ நெருங்கிற்று.

வீட்டில் இருந்தது அம்மாவின் ஐந்து சவரன் தாலிச் சங்கிலி. தாலி பற்றி என் கருத்தை அம்மா அறிவார். கல்லூரி நாளிலிருந்தே அவரோடு வாதிட்டவள் நான். அதை அடகு வைக்க நான் தயங்கியதைக் கண்டு அவர் சிரித்தார். "உனக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லையே, அப்புறம் என்னடி தயக்கம்?" என்றார். பதில் சொல்ல நாவெழவில்லை. குறைந்த தொகையைப் பெரியப்பா கடனாகத் தந்தார்.

முன்பணம் கட்டினேன். வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் கழித்து வந்தது உதவித்தொகை ஆணை. அடுத்த ஆண்டுக்கு இடத்தை ஒத்திவைக்கப் பல்கலைக் கழகம் இசையவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. 1913 இல் அவர் கொலம்பியாவுக்குக் கப்பலேறுமுன்பே பரோடா மன்னரோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. திரும்பியபின் பத்தாண்டு பரோடாவில் பணி. முதலில் பணம், பிறகு பயணம்! அவரைக் கல்லூரி நாளிலேயே மன்னரிடம் அறிமுகம் செய்தவர் கேளுஸ்கர் என்ற பள்ளி ஆசிரியர் என்பதை என் தொழிலின் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். அதற்காக அந்தக் கதையை இனிப்பாக்க வேண்டியதில்லை. 1917 இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பணிசெய்யச் சென்ற பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். 1920 இல், தம் சேமிப்போடும் நண்பர்களின் உதவியோடும்தான் மீண்டும் இலண்டன் சென்றார்.

இந்நாளில் மன்னர் இல்லை, மக்களாட்சி இருக்கிறது. நான் விண்ணப்பித்தது வேறோர் உதவித்தொகை. ஆயினும் 1950களிலிருந்து நடந்துவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைப் பாருங்கள். 2025 இல் அதன் இடங்கள் 125. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. அவ்வாண்டு தேர்வானோர் 106 பேர். முதலில் ஆணை பெற்றோரோ 40 பேர்! எஞ்சியோருக்கு நிதி இருந்தால் ஆணை வரும் என்ற பதில்தான் கிடைத்தது. பல்கலைக் கழகத்தின் கெடு நிதி வரும்வரை காத்திருக்குமா? இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அத்தொகை இல்லை என 2022 இல் விதித்தார்கள். சேரியில் பிறந்தவன் சேரியின் வரலாற்றை ஆராய்ந்தால் யாருக்கு என்ன இடர்?

சலுகை கூட்டித் தரும்படி நான் கேட்கவில்லை. தரும் தொகையின் முடிவை, முன்பணக் கெடுவுக்கு முன் அறிவியுங்கள். அல்லது முன்பணத்தையும் நீங்களே கட்டுங்கள். அலுவலக நாட்காட்டியில் சில மாதங்களை முன்னே நகர்த்தும் வேலை, அவ்வளவே.

சென்ற தை மாதம் சங்கிலியை மீட்டேன். அம்மா அதைக் கழுத்தில் அணியவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபடியே கேட்டார்: "அடுத்த விண்ணப்பம் எந்த மாசம் போடணும்?"