புளியரை வளைவில் யார் ஓட்டுவது?

சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்க வருபவர்களில் லாரி ஓட்டுநர்களைத் தனியே தெரியும். எண்ணெய் தேய்த்து நின்று குளிக்க அவர்களுக்கு நேரமில்லை. தலை நனைந்ததும் துண்டைப் பிழிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். வண்டி பிரானூர் பார்டரில், மர அறுவை ஆலைகளின் ஓரம் நிற்கும். அங்கிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744தான் அவர்களின் தொழிற்கூடம். ஓட்டுநரில்லா லாரியைப் பற்றி இவர்களிடம் கேட்கவே அருவிக்கரை டீக்கடையில் உட்கார்ந்தேன்.

மூத்த ஓட்டுநர் ஒருவர் மலைப்பாதையிலிருந்து தொடங்கினார். “ஏறுன கியர்லதான் இறங்கணும் அண்ணாச்சி. நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு நினைப்பான். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு டிரம் சூடாயிட்டா அப்புறம் எதை மிதிக்க?” போகும்போது ஜல்லி, காய்கறி, வரும்போது மரம், பிளைவுட். ஒவ்வொரு பாரமும் வளைவில் ஒவ்வொரு விதமாகச் சாயும். கண்ணாடியில் பார்க்குமுன்பே அந்தச் சாய்வு, தான் உட்கார்ந்திருக்கும் சீட்டில் தெரிந்துவிடும் என்றார்.

தப்பினால் என்னவாகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2024 பிப்ரவரி 25 பின்னிரவில், புளியரை எஸ் வளைவில் பிளைவுட் லாரி ஒன்று கீழே தண்டவாளத்தில் விழுந்தது. அக்கம்பக்கத்து முதிய தம்பதி டார்ச் அடித்து ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். ஓட்டுநர் உயிர் பிழைக்கவில்லை. “இயந்திரம்னா தூங்காதுல்லா, அது நல்லதுதான்” என்று இளைஞர் ஒருவர் மெல்லச் சொன்னபோது, யாரும் மறுத்துப் பேசவில்லை.

அமெரிக்காவில் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே அரோரா நிறுவனம் 2025-இல் ஆளில்லா லாரியை ஓட்டியதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். அது நேரான நெடுஞ்சாலை. இப்படிப்பட்ட நிறுவனங்களின் யோசனையும் அதுதான்: நெடுஞ்சாலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும், ஊருக்குள்ளும் சிக்கலான பாதையிலும் மனிதன் ஓட்டட்டும்.

இங்கேதான் இவர்களுடைய உண்மையான கவலை இருக்கிறது. இவர்களுக்குப் படி நடைக்கணக்கில் வருகிறது. நடை நீளமானால் படியும் கூடும். நான்குவழிச் சாலையில் ஓடும் தூரமே வருமானம்; மலையேற்றமும், சோதனைச் சாவடி வரிசையும், சரக்கு இறக்கக் காத்திருப்பதும் உழைப்பு மட்டுமே. “நல்ல ரோட்டை அது எடுத்துக்கிடும். மலையும் காத்துக்கிடக்கதும் நமக்கு. யார் காசு தருவா?” என்றார் மூத்தவர்.

ஓட்டுநரில்லா கார்களை அனுமதித்தால் ஓட்டுநர்கள் பலர் வேலையிழப்பார்கள், ஆகவே அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் சொன்னார். அந்தச் சொல் இவர்களுக்கு ஆறுதல்தான். ஆனால் அமைச்சர்கள் மாறுவார்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்பதே 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்தின் கேமரா சூடாகாமல் காக்க நினைக்கும் உலகம், வியர்வையில் ஓட்டிய மனிதனை இவ்வளவு காலம் காக்க வைத்தது.

இயந்திரத்தைத் தடுப்பது மட்டும் தீர்வாகாது. தூக்கத்தைக் கெடுக்கும் இரவு ஓட்டத்தை அது வாங்கிக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சியே. அதற்குமுன் கூலிக் கணக்கு மாற வேண்டும். காத்திருக்கும் மணிக்குக் கூலி, மலைப்பாதைக்குத் தனிப்படி, ஓய்வெடுக்கச் சுத்தமான இடம் ஆகிய மூன்றையும் இன்றே தரலாம். அதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வேண்டாம்.