கயலுக்கு, ஏட்ரியாட்டிக் கரைக்குப் போகுமுன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். கோபம்தான் வந்தது. ஸாதர், ஷிபெனிக், ட்ரோகிர், ஸ்ப்ளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக், கோட்டோர் என்று எட்டு ஊரை எழுதி வைத்திருக்கிறாய். கையில் இருப்பதோ ஒன்பது நாள் விடுப்பு. தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதற்கா அவ்வளவு தூரம் போகிறாய்? தனியாகப் போகிறவளுக்கு இருக்கிற பெரிய வசதியே யாருக்காகவும் ஓட வேண்டாம் என்பதுதான். அதையும் விட்டுவிட்டால் ஒரு டூர் கம்பெனியோடு போய்விட்டு வந்துவிடலாமே, அம்மா.

மூன்று ஊரில் மட்டும் தங்கு: ஸாதர், ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக். ஷிபெனிக் வழியில்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் பையைக் கொடுத்துவிட்டு அரை நாள் பார்த்தால் போதும். ட்ரோகிர் ஸ்ப்ளிட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். தீவுகள் இந்த முறை வேண்டாம். அக்டோபரில் விரைவுப் படகுகள் குறைந்துவிடும். யூகோ என்கிற தென்கிழக்குக் காற்று எழுந்துவிட்டால் இருக்கிற படகும் கிளம்பாது. நீ ஏதோ ஒரு தீவில் மாட்டிக்கொண்டு விமானத்தைத் தவறவிட்டால் உங்கப்பாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்களையெல்லாம் பகலில் வந்து பார்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு ஊர் தன்னைக் காட்டுவதே இல்லை. காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும்தான் அங்கே மனிதர்கள் நடமாடுவது தெரியும்.

ஸ்ப்ளிட்டில் மட்டும் காசு பார்க்காமல் மாளிகைச் சுவருக்குள்ளேயே அறை எடு. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் தானாகவே பதவியைத் துறந்துவிட்டு வந்து கடைசி வரை வாழ்ந்த மாளிகை அது. 7-ஆம் நூற்றாண்டில் பக்கத்தில் இருந்த சலோனா நகரம் அழிந்தபோது, தப்பி ஓடிவந்த சனங்கள் அந்தச் சுவருக்குள் புகுந்து அடுப்பு மூட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அங்கே குடித்தனம் நடக்கிறது. ரோமத் தூணை ஒட்டி ஒரு வீட்டுச் சமையலறை, அரண்மனை வளைவின் மேல் கொடிகட்டிக் காயும் பள்ளிச் சீருடை. பேரரசருக்குக் கட்டிய சமாதி மண்டபம் இப்போது கத்தோலிக்கப் பேராலயம். அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயர் டோம்னியுஸின் பெயரில் அங்கே பூசை நடக்கிறது. பேரரசரின் கல் சவப்பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த இருட்டு மண்டபத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துரத்தப்பட்டவர்கள் கையில் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்திருப்பதை நினைக்க நினைக்க மனசு நிறைந்துபோனது.

நிலவறையைப் பார்க்காமல் வந்துவிடாதே. மேலே குடியிருந்தவர்கள் தரையில் துளை போட்டு, நூற்றாண்டுக் கணக்கில் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டியிருக்கிறார்கள். அந்தக் குப்பை நிறைந்து மூடிக் கிடந்ததால்தான் கீழ்த்தளம் சிதையாமல் தப்பியது. மேலே பேரரசரின் அறைகள் போய்விட்டன. கீழே இருக்கும் சுவர்களை வைத்துத்தான் மேல்தளம் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கல் கூரையில் அந்தத் துளைகள் தெரியும்.

ஷிபெனிக்கில் யாக்கோபு பேராலயத்தின் வெளிச்சுவரைச் சுற்றி நட. 1431-இல் தொடங்கி 1535-இல் முடித்த கோயில், கூரைகூட முழுக்கக் கல். பின்பக்கச் சுவரில் வரிசையாக 70-க்கும் மேற்பட்ட முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஊர்க்காரர்களின் முகங்கள் என்கிறார்கள். மீசைக்காரர், கன்னம் உப்பிய பையன், எதற்கோ சலித்துக்கொள்ளும் பெரியவர் என்று ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. அதில் ஒன்று அப்படியே உன் தாத்தா. கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்பு.

ஸாதரைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கடற்கரைப் படிகளுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். 2005-இல் நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. அலை உள்ளே வந்து காற்றைத் தள்ளத் தள்ள, படிகளிலிருந்து ஒலி வந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல் ஒன்று கடந்து போனால் ஒலியும் கனத்துவிடும். மாமா போனபிறகு நான் யார் முன்னாலும் அழுததில்லை, உனக்கே தெரியும். அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன் கயல். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், எனக்குக் கூச்சமாகவே இல்லை. தெரியாத ஊரில் யாருக்கும் தைரியம் காட்ட வேண்டியதில்லையே.

உன்னையும் தனிமை ஒரு நாள் பிடிக்கும். பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். இரண்டு பேர் மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருக்கும்போது தொண்டை அடைக்கும். உடனே போனை எடுத்துக் குனிந்துகொள்ளாதே. மதியமே கொனோபாவில் வயிறாரச் சாப்பிட்டுவிடு. கொனோபா என்பது அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை. நீ மீன் தொடமாட்டாய், அதனால் பிளித்வா கேள். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து மசித்தது, நம் நாக்குக்கு ஒத்துப்போகும். அதே கீரையை மாவுக்குள் வைத்துச் சுட்ட சோபார்னிக்கும் உண்டு. ராத்திரிக்கு ரொட்டிக்கடையில் பாலாடைக்கட்டி புரெக் ஒன்று வாங்கிக்கொண்டு கடலோரம் போய் உட்கார். ஸ்ப்ளிட்டின் ரீவா என்கிற கடலோர நடைபாதையில் ஊர்க் கிழவர்களும் குழந்தைகளும் நடைபோடுகிற நேரம் அது. அவர்கள் நடுவில் நீயும் ஒருத்தி.

டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவர் 1,940 மீட்டர். திறந்ததும் ஏறிவிடு, கப்பல் கூட்டம் வந்தபிறகு நகரவே முடியாது. மேலேயிருந்து கூரைகளைக் கவனி. பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகளுக்கு நடுவே அங்கங்கே மங்கிய பழைய ஓடுகள் இருக்கும். 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த வீடுகளுக்கெல்லாம் புது ஓடு போட்டிருக்கிறார்கள். அழகு என்று படம் எடுக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரில் ஓடிய மாதிரி இங்கே ஓடாதே. ஊருக்கு வெளியே கிழக்கு வாசல் பக்கம் லாசரெட்டி கட்டடங்களையும் பார்த்துவிடு. கொள்ளைநோய்க்குப் பயந்து, அது பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் தனியே இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று 1377-லேயே சட்டம் போட்ட ஊர் அது. இந்தக் கட்டடங்கள் பிற்பாடு அதற்காக எழுந்தவை. கொரோனாவில் மொட்டைமாடி அறையில் நீ அடைந்து கிடந்தது நினைவுக்கு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். கோட்டோர் இருப்பது மாண்டினீக்ரோவில். மற்ற ஏழு ஊரும் இருக்கிற குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் என்கிற பொது விசாப் பகுதிக்குள் இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. ஷெங்கன் விசாவை வைத்து உள்ளே விடுவார்கள். ஆனால் உன் விசாத் தாளில் ஒருமுறை நுழைவு என்று 01 போட்டிருந்தால், டுப்ரோவ்னிக்குக்குத் திரும்பி வர முடியாது. உன் விமானமோ டுப்ரோவ்னிக்கிலிருந்து! விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேள். கிடைக்காவிட்டால் கோட்டோரை மறந்துவிடு. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் சில பேருந்துகள் பொஸ்னியாவின் நெயூம் வழியாகப் போகும், அங்கேயும் இதே சிக்கல்தான். 2022-இல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலத்தின் வழியாகப் போகிற வண்டியா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடு. வலப்பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார், வழியெல்லாம் கடல். பைக்கு ஓட்டுநர் தனியாகக் காசு வாங்குவார், சில்லறை யூரோ வைத்துக்கொள்.

பழைய ஊர்களின் தெருக்கல் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். மழை பெய்தால் நிற்கவே முடியாது. அந்தப் பச்சைச் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடி நன்றாகப் பிடிக்கிற ஷூ வாங்கு. சுவருக்குள் ஆட்டோ, கார் எதுவும் வராது, படி படியாக ஏறி இறங்க வேண்டும். சக்கரப் பெட்டி வேண்டாம், தோள்பை போதும். எந்த ஊருக்கும் இருட்டுவதற்குள் போய்ச் சேர். நான் அங்கே எங்கேயும் பயந்ததில்லை. இருந்தாலும் உன்னை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது, அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. தினமும் படுக்கப்போகும்போது எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கு, போதும்.

உங்கப்பா வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு போகட்டும் என்று அவர் சொன்னதாக அண்ணி போனில் சொன்னாள். அதை நான் பேசிக்கொள்கிறேன், நீ அவரிடம் வாதாடாதே. ஆனால் எட்டு ஊர்த் திட்டத்தை அவர் கண்ணில் காட்டி என்னால் பேச முடியாது. திருத்தி எழுதி வியாழக்கிழமைக்குள் அனுப்பு. தங்கும் இடங்களின் முகவரியும் அதிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அத்தை