கையிலா, இடுப்பிலா?

பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது சாமானின் பெயரைத்தான். "அங்கிள், லைனிங் முடிஞ்சிருச்சு." "அங்கிள், பேரிங் போயிருச்சு." காப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் யாராவது ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருப்பார். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். வாங்கிக்கொள்ளவும் முடியாது; ஐம்பது வயதுக்குள்ளேயே அவருடைய காது பாதி போய்விட்டிருந்தது. "சாமான் பேரை விடு தம்பி. பிரேக் வச்சா ஆடுறது கையிலயா, இடுப்புலயா?" என்று கேட்பார்.

வந்தவர் விழிப்பார். ஆனால் அது சரியான கேள்வி. அந்நாளில் எங்களிடம் வந்த பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். முன் டிஸ்க் கோணலாகத் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங் ஆடும். அது கைக்குத் தெரியும். பின் டிரம் வட்டம் கெட்டிருந்தால் இருக்கை ஆடும். அது இடுப்புக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் அப்பா ஆளில்லாத சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டி, ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பார். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்போதும் ஆடினால் கோளாறு பின்னால். ஆடவில்லையென்றால் முன்னால் போய்ப் பார்க்கலாம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பாதி வண்டியைத் தள்ளிவைத்துவிடலாம்.

எங்கள் பட்டறை தாப்பாவில், கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. மலாய்க்காரர்கள் அப்பாவைப் 'போமென்' என்றார்கள். ஃபோர்மன் என்ற ஆங்கிலச் சொல் மலாயில் மெக்கானிக்காகிவிட்டது. காய்கறி ஏற்றும் ஹைலக்ஸ்கள், செம்பனைக் குலை சுமக்கும் பழைய இசுசுக்கள், மலையிலிருந்து எப்போதாவது இறங்கிவரும் கிழட்டு லேண்ட் ரோவர்கள் எல்லாம் அங்கே வரும். அந்தப் பழைய லேண்ட் ரோவர்களின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர்பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம்மைப் பிடிக்கும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக் பிடிக்க ஒன்றுமே இருக்காது, வண்டி உருண்டுவிடும். அதனால் எந்த வண்டியானாலும் அடியில் நுழையுமுன் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்போல எங்களுக்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியுமுன் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

நான் இன்று இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். நான்காம் படிவ மாணவர்களுக்கு ஆற்றல் பாடம் நடத்தும்போது அந்தச் சாலையைத்தான் கணக்காகக் கொடுப்பேன். 1.8 டன் வண்டி, 1 டன் முட்டைக்கோஸ், 1,400 மீட்டர் இறக்கம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 38 மெகாஜூல் வரும். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்து ஓட்டுகிறவருக்கு இன்ஜின் இன்னொரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக இறங்க வேண்டும்.

மலையில் பிரேக் போய், எப்படியோ தப்பித்து வந்தவர்களிடம் அப்பா கேட்பது இரண்டாவது கேள்வி: "மிதி கல்லு மாதிரி இருந்துச்சா, பஞ்சு மாதிரி இருந்துச்சா?" கல் என்றால் எண்ணெயும் குழாயும் நன்றாக இருக்கின்றன, லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரும். பஞ்சு என்றால் பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகைக்குத் தர விதி கேட்கும் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 பாகை இருந்தால் போதும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை அழுத்தலாம், அது சக்கரத்தைப் பிடிக்காது. "பிரேக் இல்ல" என்று ஓட்டுநர் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். ஒன்றுக்கு வேண்டியது நல்ல லைனிங்கும் ஓட்டும் முறையும். மற்றதற்கு ஒரு போத்தல் புது எண்ணெய். மாற்றிச் செய்தால் அடுத்த இறக்கத்தில் மறுபடியும் அதே கதைதான், அப்போதும் தப்புவார் என்பதற்கு உறுதி கிடையாது.

அப்பாவின் காது போனதற்குக் காரணம் பட்டறைதான். சுத்தியல், கிரைண்டர், காற்றில் ஓடும் துப்பாக்கி. மலேசியாவில் 2019இல் வந்த இரைச்சல் விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. அப்பா வேலை கற்ற காலத்தில் காதில் பஞ்சு வைத்தவனைக் கேலி செய்தார்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போகாது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உச்சச் சத்தங்கள். டிஃப்ரன்ஷியலின் முனகல் அவருக்குக் கேட்டது. காய்ந்துபோன கிராஸ் ஜாயிண்ட் குருவிபோலக் கீச்சிடுவது கேட்கவில்லை. அதற்குத்தான் நான் வேண்டியிருந்தது.

பத்து வயதிலிருந்து சோதனை ஓட்டத்துக்கு என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வார். "என்னா சத்தம்? வாயால சொல்லு." கீச் கீச் என்றால் போதாது, எவ்வளவு வேகமாக என்றும் சொல்ல வேண்டும். பிக்கப்பின் நீள ஷாஃப்ட், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்றரை, நான்கு சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே சக்கரத்தின் சத்தம் 'டக்... டக்...' என்று நிதானமாக வந்தால், ஷாஃப்டின் சத்தம் அதே வேகத்தில் 'கிச்கிச்கிச்கிச்' என்று வரும். கியர் போட்டதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் எங்கோ ஒரு மூட்டில் தளர்வு. புறப்படும்போது தரை 'தடதட'வென்று அதிர்ந்து, வேகம் பிடித்ததும் அடங்கினால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பரைப் பார்க்க வேண்டும். 'ஊ'வென்று ஒரே சுருதியில் வரும் இரைச்சல், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங். வண்டியின் பாரம் அந்தப் பக்கம் சாய்வதால் அது கத்துகிறது.

தமிழ் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி படித்தபோது எனக்கு அது புதிய பாடமாகவே தெரியவில்லை. இரட்டித்து வரும் சொல்லைப் பிரித்தால் பொருள் தராது என்றார் ஆசிரியை. பட்டறையில் அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. டொக் வேறு, டொக்டொக் வேறு. முதலாவதற்கு மூட்டைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குச் சுற்றுகிற எதையோ பார்க்க வேண்டும். நான் தப்பான சொல்லைச் சொன்னால் ஒருவருடைய காசு தப்பான சாமானுக்குப் போகும்.

ரிங்லெட் பக்கத்திலிருந்து கீரையும் கோஸும் ஏற்றி இறக்கும் ஒரு தம்பியின் வண்டியைத்தான் இதற்கு எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். வண்டி அவருடையது, தவணையில் வாங்கியது. நடைக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். பிரேக் வைத்தால் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கிறது என்றார். ஆறு மாதத்தில் மலைமேல் ஒரு பட்டறையில் பின் லைனிங்கை இரண்டு தடவை, சக்கர சிலிண்டரை ஒரு தடவை மாற்றியிருந்தார்கள். "டிரம்மைத் திறந்தா ஈரமா இருக்கு அங்கிள், பிரேக் எண்ணெய் ஒழுகுதுங்கறாங்க."

அப்பா இடது பின் டிரம்மைக் கழற்றினார். ஈரமாகத்தான் இருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னை ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி விரல்மேல் ஊற்றினார். பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்து ஓடிவிடும். இது ஓடவில்லை, தண்ணீர்தான் முத்து முத்தாக உருண்டது. கந்தக நாற்றம் வேறு. அது டிஃப்ரன்ஷியலின் கியர் எண்ணெய். பின் அச்சுக்குள்ளிருந்து சீலைத் தாண்டி லைனிங்குக்கு வந்திருந்தது. எண்ணெய் குடித்த லைனிங் ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் கவ்வும்.

"அப்ப சீல் போயிருச்சா அங்கிள்?"

சீல் கெட்டுத்தான் இருந்தது. அதை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா வண்டிக்கு அடியில் நுழைந்து டிஃப்ரன்ஷியலில் எண்ணெய் ஊற்றும் அடைப்பானைத் தளர்த்தினார். வண்டி அப்போதுதான் மலையிறங்கி வந்திருந்ததால் கூடு சூடாக இருந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வெளியேறியது. அது அவருக்குக் கேட்காத சுருதி. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளங்கையை அருகில் வைத்து அந்தக் காற்றைப் பிடித்துவிட்டிருந்தார். "மூச்சு முட்டுது" என்றார்.

அச்சுக் கூட்டின் மேலே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு மூச்சுத் துளை உண்டு. சூட்டில் உள்ளே விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தோட்டத்துச் சேற்றிலும் ஓடையிலும் இறங்கியேறிய வண்டி. துளை மண்ணடைத்துக் கல்லாகியிருந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைத் தள்ளியது; எண்ணெய் சீலைத் தாண்டியது; லைனிங் நனைந்தது. பிரேக் கோளாறு என்று வந்த வண்டியின் நோய் பிரேக்கிலேயே இல்லை. புது சீல் போட்டாலும் சில மாதத்தில் திரும்ப வந்திருப்பார், அதுவும் வருவதற்கு உயிரோடு இருந்திருந்தால்.

மூச்சுத் துளைக்கான மூடி பதினைந்து வெள்ளி. சீல், லைனிங், எண்ணெய் தனி. பில்லில் எல்லாவற்றுக்கும் கீழே அப்பா வழக்கம்போல ஒரு வரி எழுதினார்: 'பார்த்த கூலி – 60'.

தம்பி அந்த வரியில்தான் விரலை வைத்தார். "லைனிங்குக்குக் கேக்கல அங்கிள், சாமான் வெல எனக்குத் தெரியும். பார்த்ததுக்கு அறுபதா? அரைமணி நேரந்தான பார்த்தீங்க?"

எல்லோரும் அந்த வரியில்தான் விரலை வைப்பார்கள். சாமானைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், பழையதைக் கேட்டு வாங்கிப் போகலாம். தேவையில்லாமல் மாற்றாத சாமானைக் காட்ட முடியாது. மாற்றி மாற்றிப் பார்க்கிற பட்டறைக்கு ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் ஒரு விற்பனை. யோசிக்கிற பட்டறைக்கு ஒரு தகராறு. பழுது பார்ப்பதை வெறும் கைவேலையாகவே நினைக்கப் பழகிவிட்டோம். அதில் 'பார்ப்பது' என்று ஒன்று இருப்பதைச் சொல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்பா தகராறு செய்யவில்லை, குறைக்கவும் இல்லை. மலைமேல் கொடுத்த பழைய பில்லை எடுக்கச் சொல்லி, இரண்டு தடவை போட்ட லைனிங்கையும் ஒரு சிலிண்டரையும் கூட்டிக் காட்டினார். நானூறைத் தாண்டியிருந்தது. தம்பி பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

இப்போதைய பிக்கப்புகளில் ஸ்கேனரைச் செருகினால் எந்தச் சக்கரத்தின் சென்சார் கெட்டிருக்கிறது என்று எண் வந்துவிடுகிறது. அது நல்லதுதான். கிராஸ் ஜாயிண்டுக்கும் மூச்சுத் துளைக்கும் அதில் எண் கிடையாது. அவற்றுக்கு இன்னும் யாராவது கேள்வி கேட்க வேண்டும், கேட்டதற்குக் கூலி வாங்கவும் வேண்டும். பட்டறையை மூடியபோது ஸ்பேனர்களை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள். நான் பில் புத்தகங்களை எடுத்துக்கொண்டேன். முப்பது வருடப் பக்கங்களில் 'பார்த்த கூலி' என்ற வரி அடித்துத் திருத்தப்படாத பில்கள் பாதிக்கும் குறைவு.