மூட்டை தூக்கின அப்பாவுக்கு ஏன் பாடி வரவில்லை?

மாலை வகுப்புக்கு வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது உதவித்தொகை பற்றி என்று நினைப்பீர்கள். இல்லை. "அண்ணே, எந்தப் பவுடர் வாங்கலாம்?" இதுதான். பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். மீதிப் பேருக்கு உடம்பு ஏற வேண்டும், அவ்வளவுதான். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் ஆசை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

என் அப்பா லோடுமேன். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஒரு நாளில் நூறு தடவை சுமந்தவர். அப்படியானால் ஜிம் போர்டில் இருக்கிற உடம்பு அவருக்கல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது கழுத்து வலியும் தேய்ந்த முட்டியும்தான். எம்.ஏ. சமூகவியலில் உழைப்பைப் பற்றி நிறையப் படித்தேன். இந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. தசை வளர சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், புரதம் வேண்டும், ஓய்வு வேண்டும். அப்பாவின் மூட்டை முதல் நாளும் 50 கிலோ, இருபதாவது வருடமும் 50 கிலோ. மதியம் சோறும் ரசமும். விடிந்தால் அடுத்த லாரி. "உடல் உழைப்பு செய்பவனுக்கு எதற்கு எக்சர்சைஸ்?" என்று கேட்பவர்கள் மூட்டை தூக்கிப் பார்த்ததில்லை.

சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் காயம்பட்ட போர்வீரர்களிடம் பயன்படுத்திப் பார்த்து 1945இல் எழுதியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். அதற்கு ஜிம் வேண்டும் என்றில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். ஒரு லிட்டர், ஒரு கிலோ. இதைவிடத் துல்லியமான எடை எங்கே கிடைக்கும்?

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்கி. தண்டால். முதுகை நேராக வைத்துக் குனிந்து, கேனை இடுப்புவரை இழுப்பது. கிரவுண்டில் கம்பி இருந்தால் தொங்கி ஏறுவது. ஒவ்வொன்றும் மூன்று செட். எட்டு தடவை முடிகிற எடையில் ஆரம்பியுங்கள்; மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் இரண்டு லிட்டர் கூட்டுங்கள். தண்டாலுக்குப் பையில் புத்தகங்களைப் போட்டு முதுகில் மாட்டலாம். இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். போன வாரம் எத்தனை என்று தெரியாதவன் இந்த வாரம் எதைக் கூட்டுவான்? கையை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, கயிறு ஏற முதுகும் வேண்டும். தங்கச்சிகளுக்கும் இதே திட்டம்தான்.

இனி பவுடர். அது பாலிலிருந்து பிரித்த புரதம், மாயம் ஒன்றுமில்லை. ஒரு ஸ்கூப் என்பது ஏறக்குறைய நான்கு முட்டை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு நூறு கிராமுக்குள்தான். நாலு முட்டை, கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாட்டுக்கறி, ஒரு கைப்பிடி மீல்மேக்கர், சோறு பருப்பு. முடிந்தது கணக்கு. மாட்டுக்கறியில் இரும்பும் பி12-உம் கிரியாட்டினும் சேர்ந்தே வருகின்றன. "அது சூடு, விட்டுடு, சிக்கன் சாப்பிடு" என்று சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. அதில் அறிவியல் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவின் ஒரு வாரக் கூலியை ஒரு டப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

"மூணே மாசத்தில் ரிசல்ட்" என்று ஊசி காட்டுபவனிடம் மட்டும் நிற்கவே நிற்காதீர்கள். ஸ்டீராய்டு வெளியிலிருந்து ஏறினால் உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிடும். விரை சுருங்கும், குழந்தைப்பேறு பாதிக்கும், இதயத் தசை தடிக்கும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஞாயிறு ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் திங்கள்கிழமை கேனைத் தொடாதீர்கள். தூங்குங்கள். செவ்வாய், வியாழன், சனி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.