இறங்கு என்கிற சொல்

எங்க சனத்தைப் பார்த்துச் சொன்ன சொற்களிலேயே ரொம்பப் பழைய சொல் 'எறங்கு' என்பதாகத்தான் இருக்கும். எங்கப்பா காலத்தில் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளணும். தலையில் கட்டின துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொள்ளணும். என் காலத்தில் சைக்கிள் வந்தது. உடனே, 'சைக்கிள உட்டு எறங்குடா' என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்தாலும் பிள்ளையார் கோயில் முனையில் இறங்கி, பால் சொசைட்டி தாண்டுகிறவரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போகணும். மொத்தமே இருநூறு அடிதான் இருக்கும். அந்த இருநூறு அடியை எட்டு வருசம் உருட்டியிருக்கிறேன்.

நான் பிறந்தது 1958. விழுப்புரம் பக்கம். 1984-ல் மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, பிறகு வயர்மேன் ஆனேன். கம்பம் ஏறுகிற வேலை. மழையும் இடியுமாக இருக்கிற ராத்திரியில் கரண்டு போய்விட்டால் ஆள் அனுப்புவார்கள். அப்போது அந்தத் தெருவில் யாரும் என்னை இறங்கச் சொன்னதில்லை. 'சைக்கிள மிதிச்சு சீக்கிரம் வாய்யா' என்றுதான் சொல்வார்கள். விளக்கு எரிந்த பிறகு பழையபடி உருட்டிக்கொண்டு திரும்பணும். இருட்டில் ஒரு சட்டம், வெளிச்சத்தில் ஒரு சட்டம்.

1989-ல் ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கினேன். எங்க காலனிக்கு வந்த முதல் மோட்டார் வண்டி அது. இறங்கி உருட்ட மனசு வரவில்லை. உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டு போனேன். மறுநாள் எங்கப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். 'ஒம்மவன் சர்க்கார் உத்யோகம் பாக்குறான்னா அதுக்காக எங்க வாசல்ல பொகை உட்டுக்கினு போவுறதா?' என்று கேட்டார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வண்டிச் சீட்டு பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தது. கிழிந்த சீட்டிலேயே ஒரு சாக்கைப் போட்டு ஓட்டினேன். ரெண்டு வருசத்தில் காலனியில் மூணு வண்டி ஆனது. ஒருத்தனை இறக்கலாம். மூணு பேரை எப்படி இறக்குவார்கள்? 1998-ல் ஸ்ப்ளெண்டர் எடுத்தேன். இன்றைக்குக் காலனியில் வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகத் தன் கைகளை வெட்டினார்கள் என்று ஒரு தலித் மாணவர் புகார் சொன்ன செய்தியைப் படித்திருப்பீர்கள். எங்களுக்கு வண்டி என்றால் பெட்ரோலும் டயரும் மட்டுமில்லை என்பதற்காகத்தான் இவ்வளவையும் முதலில் சொல்லி வைக்கிறேன். ஒரு கிழவன் ஏன் வண்டியை விடமாட்டேன் என்கிறான் என்பது அப்போதுதான் புரியும்.

2016-ல் 58 வயசு முடிந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு இறங்கச் சொன்னது உடம்பு. கழுத்து முன்னைப்போலத் திரும்பவில்லை. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க இடுப்போடு திரும்ப வேண்டியிருந்தது. எதிரே வருகிற வண்டியின் லைட் கண்ணில் பட்டால் ரெண்டு மூணு நொடி எதுவும் தெரியாது. கண்புரை ஆரம்பம் என்றார்கள். பிரஷருக்கு மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். ஆபத்தைக் கண்ணு பார்த்து, கைக்குச் சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்கிறதுக்குள் வண்டி கொஞ்ச தூரம் கூடுதலாகப் போய்விடுகிறது. இருபது வயசுப் பையன் வேகத்தால் விழுகிறான். அறுபது வயசுக்காரன் அந்தக் கொஞ்ச தூரத்தால் விழுகிறான். விழுந்த பிறகும் வித்தியாசம் உண்டு. பையனுக்குச் சிராய்ப்போடு போகிற அடி, வயசானவனுக்கு விலாவை உடைத்துவிடும்.

நான் விழுந்தது 2022 பங்குனியில். உளுந்து அறுப்புக் காலம். எங்க பக்கத்தில் செடியைப் பிடுங்கித் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி ஏறி மிதித்து உளுந்தைப் பிரித்துக் கொடுக்கும். களத்துக்கும் கூலிக்கும் செலவில்லை. லாரிக்கு அது ஒன்றுமில்லை. ரெண்டு சக்கர வண்டிக்கு அது எண்ணெய் ஊற்றின தரை மாதிரி. அக்கா வீட்டிலிருந்து பொழுது இறங்குகிற நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவு தாண்டினதும் ரோட்டின் முக்கால்வாசி உளுந்துச்செடி. ஓரத்தில் ஒரு கல்லோ கொம்போ அடையாளத்துக்கு வைக்கவில்லை. முன்சக்கரம் வழுக்கியது. வண்டி என் வலது கால் மேலேயே சாய்ந்தது.

தலையில் ஹெல்மெட் இருந்தது. கம்பத்தில் ஏறுகிறவனுக்கு இடுப்பில் பெல்ட்டும் கையில் உறையும் எப்படியோ, அப்படித்தான் வண்டிக்கு ஹெல்மெட் என்று பழகினவன் நான். அதன் இடதுபக்கம் ஒரு விரல் ஆழத்துக்குத் தேய்ந்துபோனது. அந்தத் தேய்மானம் என் மண்டையில் ஆகியிருக்கும்.

மூணு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தர் என் தோளுக்கடியில் கையைக் கொடுக்கக் குனிந்தார். குனிந்தவர், 'எந்த ஊருய்யா?' என்றார். ஊரைச் சொன்னேன். 'ஊர்லயா, காலனியா?' என்றார். 'காலனி' என்றேன். குனிந்த கை நின்றுவிட்டது. அவர் மோசமானவராகக்கூட இருக்க மாட்டார். '108-க்குப் போன் போடுங்கப்பா' என்று சத்தம் போட்டவரும் அவர்தான். தொடுகிறதுதான் முடியவில்லை. செங்கல் லாரியிலிருந்து குதித்து வந்த கிளீனர் பையன் ஒருத்தன், பாஷை தெரியாத வடக்கத்திப் பையன், யாரையும் எதுவும் கேட்காமல் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வருகிறவரை அந்த மடியில்தான் கிடந்தேன்.

முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் முறிவு. விலா எலும்பு மூணு. அரசு ஆஸ்பத்திரியில் எலும்புக்குள்ளே நீளக் கம்பி இறக்கி ஆபரேஷன் செய்தார்கள். 'புத்தூர் கட்டு போட்டா சரியாப் போயிடும், கத்தி எதுக்கு?' என்று சொந்தக்காரர்கள் நின்றார்கள். சின்ன முறிவுக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம், எலும்பு விலகி நிற்கிறதைக் கட்டால் நேராக்க முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாங்க. காலைவிட விலாதான் பயம் என்றும் அவங்கதான் சொன்னாங்க. வலிக்கிறதென்று வயசானவர்கள் மூச்சை இழுக்காமல் மேலோட்டமாக விடுவார்கள். இருமலை அடக்குவார்கள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வந்துவிடும். மூணு பந்து வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, மணிக்கு ஒருதரம் உறிஞ்சிப் பந்தைத் தூக்கச் சொன்னாங்க. மூணாவது பந்து மேலே போக எனக்கு பதினோரு நாள் ஆனது.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றேன். இருதயத்துக்காக ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால், 'ஒண்ணுமில்ல, லேசா இடிச்சிக்கிச்சு' என்று வீட்டுக்குப் போகக்கூடாது. வயசானவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியும். ரெண்டு மூணு வாரம் கழித்துக்கூடத் தலைவலி, தடுமாற்றம், பேச்சுக் குழறல் வரும். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிடும்.

வார்டில் என்னைப்போல வண்டியில் விழுந்த கிழவர்கள் நாலு பேர் இருந்தோம். ஒருத்தர் ராத்திரி வாட்ச்மேன். 66 வயசு. வேலை முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஒருத்தர் கொத்தனார். கரணையும் மட்டப்பலகையும் கட்டிக்கொண்டு மொபெட்டில் போனவர். ஒருத்தர் மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர். 'வயசான காலத்துல வண்டி எதுக்கு?' என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். காலனிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் பஸ் வருகிறது. பென்ஷன் இல்லாதவன் 66 வயசில் வேலைக்குப் போகாமல் என்ன செய்வான்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு மாசம் வாக்கர். வீட்டுக்காரி பிடித்துக்கொண்டால்தான் கக்கூசுக்குப் போக முடியும். எலும்பு கூடுகிறது எக்ஸ்ரேயில் தெரியும். பயம் கூடினது எதிலும் தெரியாது. தெருவில் வண்டி பிரேக் போடுகிற சத்தம் கேட்டால் வலது கால் தானாக இழுத்துக்கொள்ளும். ராத்திரியில் உளுந்துச்செடி கனவில் வரும். ஒருநாள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: 'போதும்ப்பா. வண்டிய உட்டு எறங்கிடு.'

அந்தச் சொல் எங்கே போய் இடித்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பிறந்தபோது சைக்கிளை உருட்டுகிற வழக்கம் முடிந்துபோயிருந்தது. மூணு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த நாட்களில்தான் எம்.ஏ. படிக்கிற அக்கா மகன் அம்பேத்கருடைய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். முன்பே படித்ததுதான். கால் உடைந்து கிடக்கும்போது படிப்பது வேறு. 1929-ல் அவர் சாலிஸ்கானில் ரயில் இறங்குகிறார். அங்கிருக்கிற நம்ம சனங்க அவரை மகர்வாடாவுக்கு அழைத்துப்போக வருகிறார்கள். குதிரைவண்டிக்காரர்கள் யாரும் தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. பாரிஸ்டரை நடக்கவிடுவதா என்று சனங்க ரோசப்படுகிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தம்மாளையே ஓட்ட வைக்கிறார்கள். ஆற்றுப் பாலத்தில் வண்டி கவிழ்கிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில். அம்பேத்கர் கல்தரையில். கால் முறிவு. அப்போது அவருக்கு 38 வயசு. விருந்தாளியின் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பயணியின் உயிரை மறந்துவிட்டார்கள் என்கிற பொருளில் அவரே எழுதுகிறார்.

இதை எத்தனை மேடையில் சாதிக்கொடுமைக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறேன்! வண்டிக்காரனுடைய சாதித்திமிரைச் சொல்வார்கள். அது பாதிதான். மீதிப் பாதியை அம்பேத்கர் நம்மைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மரியாதைக்காக வண்டி ஏறுகிறவன் ஓட்டத் தெரிந்தவனாகவும் இருக்கணும். உயிரோடு போய்ச் சேரணும்.

அப்புறம்தான் மகன் சொன்ன 'எறங்கு' வேறு, ஊர் சொன்ன 'எறங்கு' வேறு என்று பிரித்துப் பார்த்தேன். ஊர் சொன்னது நான் யார் என்பதற்காக. மகன் சொன்னது நான் வேணும் என்பதற்காக. ஆனாலும் இறங்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவங்க பதில் நேராக இருந்தது. வலது காலில் மட்டும் நிற்க முடியணும். நின்ற வண்டியின் கனத்தை ரெண்டு காலும் தாங்கணும். கழுத்து ரெண்டு பக்கமும் திரும்பணும். மாத்திரை போட்டுக் கிறுகிறுப்பு இருக்கிற நாளில் தொடக்கூடாது. இதெல்லாம் முடிந்தால் ஓட்டலாம். 2023-ல் கண்புரை ஆபரேஷன் முடித்தேன். ஸ்ப்ளெண்டரை மகனுக்குக் கொடுத்துவிட்டு எடை குறைந்த வண்டி வாங்கினேன். பத்து நாள் ஏரிக்கரைத் திடலில் மட்டும் ஓட்டினேன். இப்போது பொழுது சாய்ந்தால் எடுப்பதில்லை. அறுப்புக் காலத்தில் உளுந்து கிடக்கிற ரோட்டுக்குப் போவதில்லை. சுற்றுவழி நாலு கிலோமீட்டர் கூடுதல். 55 வயசுக்கு மேல் லைசென்சை அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்கணும். அதையும் செய்து வைத்திருக்கிறேன்.

தோழர்களே, இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கும் போராட்டத்துக்கும் வண்டியில் போகிறவர்கள். ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் செத்த நூறு பேரில் நாற்பத்து நாலு பேருக்கு மேல் ரெண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். இவர்களில் யார் என்ன சாதி, எத்தனை பேர் கூலிக்குப் போய்த் திரும்பியவர்கள் என்று அந்தக் கணக்குச் சொல்லாது. நம்ம சுடுகாட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

ஏப்ரல் 14 ஊர்வலத்தைப் பார்க்கிறேன். எங்க பக்கத்தில் ஐம்பது அறுபது வண்டி, கொடி கட்டி, ஒரு வண்டியில் மூணு பேர், நெற்றியில் நீலத்துணி. ஹெல்மெட்டைத் தேடினால் கிடைக்காது. கேட்டால், 'தலைல கட்டக்கூடாதுன்னு சொன்ன தெருவுல மொகம் தெரியப் போவணும் பெரியப்பா' என்கிறான் ஒரு பையன். நியாயம்தான். ஆனால் எங்கப்பா தலைத்துண்டை அவிழ்த்த தெருவில் நான் தலையில் கவசத்தோடு போகிறேன். அதை அவிழ்க்கச் சொல்ல அங்கே யாருக்கும் வாயில்லை.

அடிபட்டவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இடித்துவிட்டு அடையாளம் தெரியாமல் ஓடிய வண்டியால் செத்தால் ரெண்டு லட்சம், படுகாயத்துக்கு ஐம்பதாயிரம் இழப்பீடு என்று 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. எங்க காலனியில் இதையெல்லாம் தெரிந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். வன்கொடுமைச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இதையும் இயக்கம்தான் சொல்லிக்கொடுக்கணும். ரோட்டில் உளுந்து பரப்பாதே என்று ஊராட்சியில் மனு கொடுக்கணும். காலனிக்குப் பஸ் கேட்டு மறியல் செய்யணும்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, 'வண்டியில் வருகிறவர்கள் ஹெல்மெட்டோடு வாருங்கள், இருட்டுவதற்குள் கூட்டம் முடியும்' என்று அடியில் ஒரு வரி போடுங்கள். போட்டபடி இருட்டுவதற்குள் முடியுங்கள். என் வயசுக்காரர்களும் வருவோம்.